கூலி பெறாக் கைகளும் குன்றேறும் புகையிரதமும்



நம் நாட்டிலே சிரமதானம் என்னும் சொல்லை அறியாதார் இலர். கிராமத்துக் குளத்தைத் தூர்வாருதற்கும், கோயில் வீதியைச் செப்பனிடுதற்கும், பாடசாலைக் காணியைத் துப்புரவு செய்தற்கும் ஊரார் மண்வெட்டியுங் கூடையுமாகத் திரள்வர். பொழுது சாயுமுன் வேலை முடியும். அவரவர் வீடு திரும்புவர். ஒருநாள் உழைப்பால் முடியும் வேலைக்குச் சிரமதானம் மிக ஏற்றது. ஆயின், ஒருநாளோடு முடியாத வேலையை, ஓராண்டோடும் முடியாத வேலையை, தலைமுறை தலைமுறையாகத் தொடரவேண்டிய வேலையைக் கூலி பெறாத கைகளால் நடத்திச் செல்லுதல் இயலுமா? அதுவும் பொதுமக்களின் உயிருக்குப் பொறுப்பேற்கும் வேலையாயின், அதனைத் தொண்டர் கையில் ஒப்படைத்தல் தகுமா?

இவ்வினாவுக்கு விடையாக, வேல்ஸ் நாட்டின் மலைப்பள்ளத்தாக்கு ஒன்றிலே 70 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிறிய நீராவிப் புகையிரதம் ஓடிக்கொண்டிருக்கின்றது. டலிலின் புகையிரதம் என்பது அதன் பெயர். தொண்டர்கள் முன்வந்து அழிவினின்றுங் காத்த புகையிரதப் பாதைகளுள் உலகிலேயே முதலாவது என்னும் பெருமை அதற்குரியது. அதன் வரலாற்றையும், அவ்வரலாறு உணர்த்தும் பாடத்தையுமே இன்று உங்களோடு சிறிது சிந்திக்க விழைகின்றேன்.

வேல்ஸின் மேற்குக் கடலோரத்திலே டவின் என்னும் சிற்றூர் உண்டு. அங்கிருந்து உள்நாட்டை நோக்கிச் செல்லும் பள்ளத்தாக்கின் மேலே, பிரின் எக்லூயிஸ் என்னும் இடத்திலே, சிலேற்றுக் கற்சுரங்கம் இருந்தது. சிலேற்று என்றவுடன் நம்மில் மூத்தோர்க்கு அரிவரி வகுப்பில் எழுதிப் பழகிய கரும்பலகைத் துண்டு நினைவுக்கு வரும். அக்கல்லையே மெல்லிய தகடுகளாகப் பிளந்து வீட்டுக்கூரை வேய்தல் அந்நாட்டு வழக்கம். தொழிற்சாலை நகரங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டிலே கூரைக்கல்லுக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. மலையிலிருந்து கல்லைக் கீழே கொணர்வதற்காக 1865ஆம் ஆண்டிலே பாராளுமன்றச் சட்டத்தின் அனுமதியோடு இப்பாதை எழுந்தது. தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையேயுள்ள அகலம் 2 அடி 3 அங்குலம் மாத்திரமே. டலிலின் என்னும் பெயர் ஏரியின் முனை எனப் பொருள்படும். எனினும், ஏரிவரை இப்புகையிரதம் ஒருபோதும் சென்றதில்லை.

இப்பாதைக்கென ஆங்கிலநாட்டின் வைற்ஹேவன் நகரிலே இரு நீராவி இயந்திரங்கள் செய்யப்பட்டன. ஒன்றின் பெயர் டலிலின். மற்றொன்றின் பெயர் டொல்கோக். டலிலின் செய்யப்பட்ட ஆண்டு 1864. அதே ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதியன்றே நம் நாட்டின் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று என்பதை நினைவுகூர்ந்தால், அவ்வியந்திரத்தின் முதுமை ஒருவாறு விளங்கும்.

பயணிகளை ஏற்றுவதற்கு அனுமதி வேண்டியபோது அரசாங்கப் பரிசோதகர் கப்டன் ரைலர் வந்து பாதையைப் பார்வையிட்டார். பாலங்களின் கீழே வண்டிக்கும் சுவருக்கும் இடையேயுள்ள வெளி போதாது என்று அவர் கண்டார். இடருற்ற வேளையில் பயணிகள் இறங்குவதற்கும் அங்கே இடமில்லை. பாலங்களை இடித்துக் கட்டுவதோ பெருஞ்செலவு. ஆதலின், தண்டவாளத்தைப் பாலத்தின் நடுவிலன்றி ஒருபுறமாக ஒதுக்கி இடவும், பெட்டிகளின் மற்றப்புறத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிடவும் முடிவாயிற்று. இன்றும் அப்பாதையின் வண்டிகளில் ஒருபுறமே ஏறலாம், ஒருபுறமே இறங்கலாம்.

நேயர்களே, உயர்ந்தன யாவும் ஒருநாள் தாழும் என்பதற்கு இப்பாதையும் விலக்கன்று. சிலேற்றுக்கல்லின் கிராக்கி குறைந்தது. 1911ஆம் ஆண்டிலே சுரங்கத்தையும் பாதையையும் அப்பகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகிய சேர் ஹென்றி ஹேய்டன் ஜோன்ஸ் விலைக்கு வாங்கினார். தாம் உயிரோடிருக்கும் வரை வண்டி ஓடும் என்று அவர் வாக்களித்தார். இலாபமில்லாத போதும் அவ்வாக்கைக் காத்தார். ஆயின், பழுதுபார்த்தற்குப் பணமில்லை. 1946ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே சுரங்கத்தின் ஒருபகுதி இடிந்து வீழ்ந்தது. அதனோடு கல்லகழ்தலும் நின்றது. 1948ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் புகையிரதப் பாதைகள் பெரும்பாலும் அரசுடைமையாயின. அப்போது இச்சிறு பாதை அப்பட்டியலிற் சேர்க்கப்படவில்லை. இலாபம் தேடுவோரும் அதனை நாடவில்லை. அரசும் அதனை ஏற்கவில்லை. டொல்கோக் என்னும் ஒரேயோர் இயந்திரம், தேய்ந்த தண்டவாளத்தின்மேல், கிழமையிற் சில நாட்கள் தள்ளாடி ஓடிற்று. சிலிப்பர்க் கட்டைகள் உக்கிப்போயின. பல இடங்களிலே தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தியது அடர்ந்து வளர்ந்த புல்லே எனலாம். 1950ஆம் ஆண்டு ஜூலை மாதம் சேர் ஹேய்டன் காலமானார். அவருடைய வாக்கும் நிறைவுற்றது. இனிப் பாதைக்கு யார் துணை?

இவ்விடத்திலே எல். ரி. சி. ரோல்ற் என்னும் ஒருவர் வருகின்றார். அவர் பொறியியல் பயின்றவர், எழுத்தாளர், கைவிடப்பட்ட கால்வாய்களைக் காப்பதற்காக இயக்கம் நடத்தியவர். போர்க்காலத்திலே டவினுக்கு வந்த அவர், அன்று வண்டியில்லை என்னும் அறிவித்தலைக் கண்டு, தண்டவாளத்தின் வழியே நடந்து பாதையைப் பார்த்தவர். அவரும் நண்பர்களும் 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி பேர்மிங்காம் நகரிலே ஒரு கூட்டங் கூட்டினர். பாதையைக் காக்க ஒரு சங்கம் அமைந்தது. சேர் ஹேய்டனின் மனைவியார் அதற்கு இணங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி, சங்கத்தின் பொறுப்பிலே முதலாவது வண்டி டவினிலிருந்து புறப்பட்டது.

இதனைச் சொல்வது எளிது, செய்தது எளிதன்று. அக்காலத்திலே தொண்டர்கள் புகையிரதம் நடத்துவதென்பது எவருங் கேளாத செய்தி. பொம்மை வண்டி ஓட்டி விளையாடப் பெரியவர்கள் புறப்பட்டுவிட்டனர் என்று நகைத்தாரும் உண்டு. அந்நகைப்புக்கு விடை சொல்லக்கூடியது பேச்சன்று. பாதையே விடை சொல்லவேண்டியிருந்தது.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலே கொரிஸ் என்னும் இன்னொரு சிறுபாதை 1948ஆம் ஆண்டில் மூடப்பட்டிருந்தது. அதன் தண்டவாள அகலமும் அதே 2 அடி 3 அங்குலம். பிரித்தானியாவிலே மிக அரிதான அவ்வளவு அண்டைப் பாதைக்கும் அமைந்திருந்தமை நல்லூழ் என்றே சொல்லவேண்டும். அதன் இரு இயந்திரங்களையும் ஒவ்வொன்றும் 25 பவுண் வீதம் சங்கம் வாங்கிற்று. ஒன்றுக்குச் சேர் ஹேய்டனின் பெயரையும், மற்றொன்றுக்குப் பாதையில் நெடுங்காலம் பணிபுரிந்த எட்வேட் தோமஸின் பெயரையும் இட்டனர். முதலாளியின் பெயரும் தொழிலாளியின் பெயரும் சரிசமமாக அங்கே விளங்குகின்றன.

ஆயின், வாங்கிய இயந்திரம் உடனே உதவிற்றா? இல்லை. டலிலின் பாதையின் தண்டவாளங்கள் இரண்டும் ஒன்றினின்று ஒன்று சற்றே விலகியிருந்தன. கொரிஸ் இயந்திரத்தின் சக்கர விளிம்போ ஒடுங்கியது. ஆகவே சேர் ஹேய்டன் என்னும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் தண்டவாளங்களின் நடுவே நழுவி விழுந்தது. இயந்திரத்தின்மீதுள்ள ஆசை மாத்திரம் வண்டியை ஓட்டாது என்பதைத் தொண்டர்கள் அன்றே கற்றனர். பாதைதான் முதல், இயந்திரம் பிறகு. எனவே, மழையிலும் சேற்றிலும் நின்று கட்டை மாற்றும் வேலையைத் தொடங்கினர். அலுவலகங்களில் எழுதுபவர், கடைகளில் விற்பவர், ஆசிரியர், மாணவர் முதலியோர் விடுமுறைதோறும் வந்து உழைத்தனர். எவருங் காணாத அவ்வேலையே எல்லாருங் காணும் வண்டியை நிலைநிறுத்திற்று.

நேயர்களே, தொண்டு என்பது விருப்பத்தாற் செய்வது. ஆயின், விருப்பப்படி செய்வதன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கதையால் விளக்கலாம். சிறுவர் விரும்பிப் பார்க்கும் தோமஸ் என்னும் நீலநிற இயந்திரத்தைப் படைத்தவர் ஓட்றி என்னும் பாதிரியார் என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். அவர் 1952ஆம் ஆண்டிலே டலிலின் பாதையில் தொண்டராகி, வண்டியின் கார்ட் ஆகப் பணிசெய்தார். ஒருநாள் அபர்கினோல்வின் நிலையத்திலே பச்சைக்கொடி காட்டி வண்டியை விடுத்தபோது, சிற்றுண்டி விற்கும் அம்மையாரை ஏற்றாமலே புறப்பட்டுவிட்டார். அந்நிகழ்ச்சியையே பின்னர் தமது சிறுவர் நூலொன்றிலே கதையாக்கினார். சிரித்து மறக்கக்கூடிய பிழை அது. ஆனால் வேறுவிதமான பிழை நேர்ந்தால் சிரிக்க இயலாது. ஒரே தண்டவாளத்திலே எதிரெதிராக இரு வண்டிகள் வருமாயின், தவறிழைத்தவர் சம்பளக்காரரா தொண்டரா என்று எவருங் கேளார்.

ஆகவேதான் அங்கே ஒழுங்குமுறை கடுமையானது. ஒற்றைப் பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய அடையாளச் சின்னம் கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அப்பகுதிக்குள் நுழைதல் கூடாது. நம் மலைநாட்டுப் பாதையிலே நிலைய அதிபர் நீட்டும் வளையத்தைச் சாரதி கைநீட்டிப் பெற்றுக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். அதே தத்துவமே அங்கும். அரசாங்கப் பரிசோதனை, பாதுகாப்புச் சட்டம், பயணிகளுக்கான பொறுப்பு யாவும் தொண்டர் நடத்தும் புகையிரதத்துக்கும் உரியன. தொண்டர் துறப்பது கூலியை மாத்திரமே, பொறுப்பையன்று.

இனி, நீராவி இயந்திரமொன்று ஒருநாள் பணிக்கு எவ்வாறு ஆயத்தமாகின்றது என்பதைச் சிறிது பார்ப்போம். டீசல் வண்டியைப்போலத் திறப்பைத் திருகியவுடன் அது எழுந்து ஓடாது. பயணிகள் வருவதற்குப் பல மணிநேரத்துக்கு முன்னரே ஒருவர் கொட்டகைக்கு வந்துவிடுவார். முந்திய நாளின் சாம்பலை அள்ளுவார். கொதிகலனில் நீர் இருக்கின்றதா என்பதைக் கண்ணாடிக் குழாயிற் பார்ப்பார். விறகு வைத்து மெல்ல மெல்ல நெருப்பு மூட்டுவார். அவசரப்பட்டால், இரும்பு ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் மெதுவாயும் விரிந்து பொருத்துகள் பழுதாகும். நீர் சூடேறி நீராவி அழுத்தம் எழும்வரை உராயும் இடந்தோறும் எண்ணெய் இடுவார்; பித்தளையைத் துலக்குவார். நெருப்பை அறையிலே எங்கே தடிப்பாகவும் எங்கே மெல்லியதாகவும் பரப்பவேண்டும், ஏற்றம் வருமுன் எவ்வளவு நிலக்கரி இடவேண்டும், நீரை எப்போது செலுத்தவேண்டும் என்பன நூலில் எழுதியிருக்கலாம். ஆனால் நூலை மாத்திரம் படித்து ஒருவரும் அதைக் கற்றதில்லை. காதும் கண்ணும் கையும் சேர்ந்து கற்கவேண்டிய கல்வி அது.

இக்கல்விக்குப் படிகள் உண்டு. புதிதாக வரும் இளைஞருக்கு முதலிற் கிடைப்பது துடைக்குந் துணி. இயந்திரத்தைத் துடைத்துத் துடைத்தே அதன் உறுப்புகளை அறிகின்றார். பின்பு நிலக்கரி இடுவோராகப் பயில்கின்றார், தேர்வுக்கு உட்படுகின்றார். பல ஆண்டுகளின் பின்னரே சாரதியின் இடத்தில் நிற்கும் தகுதி பெறுகின்றார். வார நாட்களிலே வேறு தொழில் புரியும் ஒருவருக்கு, விடுமுறைகளில் மாத்திரம் பயின்று அத்தகுதியை அடைவதற்கு எத்துணைக் காலம் வேண்டும் என்பதை எண்ணிப்பாருங்கள். அங்கே பட்டமுமில்லை, சம்பள உயர்வுமில்லை. இருந்தும் மாணவர் வருகின்றனர். பாடசாலையொன்றை நடத்துபவன் என்ற முறையில் இதனைப் பெருவியப்போடு நோக்குகின்றேன். பரீட்சைப் பெறுபேற்றுக்காக அன்றி, வேலை செம்மையாக அமையவேண்டும் என்பதற்காகவே கற்கும் மாணவரை ஒரு புகையிரதக் கொட்டகை உருவாக்குகின்றது.

பாதுகாத்தல் என்பதன் பொருளையும் இங்கே தெளிவாக உணரலாம். நூதனசாலையில் நிறுத்திய இயந்திரம் துருப்பிடியாது இருக்கலாம். ஆனால் அதனை ஓட்டும் கலை அங்கே வாழாது. சாரதியின் கையிலுள்ள அறிவு, அவரோடு ஒரு மாணவர் நிற்கும் வரையிலேதான் உயிரோடிருக்கும். ஓடும் இயந்திரமோ தேயும், தேய்ந்ததை மாற்றவேண்டும். பிரித்தானியாவில் இத்தகைய இயந்திரங்களின் கொதிகலன்களைச் சுமார் 10 ஆண்டுக்கொருமுறை கழற்றி முற்றாகப் பழுதுபார்க்கின்றனர். புதிய உறுப்புகள் பல புகுந்துவிட்டபின் அது அதே பழைய இயந்திரந்தானா என்று சிலர் வினவுவர். கொடிமரமும் கூரையும் புதுக்கிக் குடமுழுக்கு நிகழ்ந்தபின் இது அதே கோயில்தானா என்று நாம் வினவுவதில்லை அன்றோ? வழிபாடு தொடர்வதே கோயிலின் தொடர்ச்சி. வேலை தொடர்வதே புகையிரதத்தின் தொடர்ச்சி.

அத்தொண்டர்கள் பழையதைக் காத்ததோடு அமைந்துவிடவில்லை. சுரங்கத்தை நோக்கிச் சென்ற பழைய கனிப்பொருட் பாதையைச் செப்பனிட்டு, 1976ஆம் ஆண்டிலே நாண்ட் குவேர்னோல் வரை பயணிகள் சேவையை நீட்டினர். இன்று பாதையின் நீளம் ஏழேகால் மைல். 1991ஆம் ஆண்டிலே ஓர் இயந்திரத்தையும் புதிதாக அமைத்து ஓடவிட்டனர். அயர்லாந்திலே நிலக்கரிக்குப் பதிலாகப் புற்கரி எரித்து ஓடுவதற்கெனச் செய்யப்பட்ட பழைய இயந்திரமொன்றின் உறுப்புகள் அதற்குப் பயன்பட்டன. அதற்கு ரொம் ரோல்ற் என்று பெயரிட்டனர்.

ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்படுவதுபோல, டலிலினைக் கண்டு பிற பாதைகளும் உயிர்பெற்றன. வடவேல்ஸின் பெஸ்ரினியொக் பாதை 1950களின் நடுவிலே மீண்டும் ஓடத் தொடங்கிற்று. தென்னிங்கிலாந்தின் புளூபெல் பாதை 1960ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இன்று பிரித்தானியாவில் இத்தகைய பாதைகள் நூற்றுக்கு மேற்பட்டன. 2021ஆம் ஆண்டிலே வடமேற்கு வேல்ஸின் சிலேற்று நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றபோது, டலிலின் பாதையும் அதன் ஒரு கூறாக இடம்பெற்றது. வேண்டாததென விடப்பட்ட பொருளொன்று உலகத்தின் செல்வமாயிற்று.

எனினும், இடர்கள் தீர்ந்தன என்று எண்ணவேண்டா. நீராவிக்கு நிலக்கரி வேண்டும். தென்வேல்ஸிலே மேர்தர் ரிட்வில் நகரின் அருகேயிருந்த பெருந் திறந்தவெளிச் சுரங்கம் 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தோடு மூடப்பட்டது. இத்தகைய பாதைகள் பல அதன் கரியையே நம்பியிருந்தன. நிலக்கரியின் புகையால் உலகின் வெம்மை கூடுகின்றது என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை. ஆதலின், கடல்கடந்து கரி கொணர்வதா, தாவரக் கழிவு கலந்து செய்த கட்டிகளை எரிப்பதா என்று ஆராய்கின்றனர். மூத்த தொண்டர் முதுமையடைய, அவர் கைத்திறனைப் பெற இளையோர் வருவரா என்னும் கவலையும் உண்டு. கரி தீர்ந்தால் வேறு எரிபொருள் தேடலாம். கை தீர்ந்தால் வேறு வழியில்லை.

நமக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். புகையிரதத்தின் அருமையை நம் வடபகுதி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு முதல் யாழ்தேவி ஓடிய பாதை 1990ஆம் ஆண்டிலே நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் போர்க்காலப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி மீண்டும் வந்தபோது மக்கள் திரண்டு நின்று வரவேற்றமைக்குக் காரணம், போக்குவரத்து வசதி மாத்திரமன்று. அதே ஆண்டு டிசெம்பரிலே கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. நமது புகையிரதத் திணைக்களத்திடம் நீராவி இயந்திரங்கள் சில இன்னும் உள்ளன. அவற்றை இயக்கிய முதியோரும் சிலர் நம்மிடையே இருக்கலாம். அவர்தம் அருகே அமர்ந்து கேட்பதற்கு, வினவுவதற்கு, கைவைத்துப் பழகுவதற்கு நம் இளைஞரை அனுப்புகின்றோமா என்பதே நாம் எண்ணவேண்டியது.

புகையிரதத்தை மாத்திரம் நான் குறிக்கவில்லை. தறியும், செக்கும், வள்ளங்கட்டும் தொழிலும், கிராமத்து நூலகமும் இவ்வாறே. அரசாங்கம் செய்யட்டும் என்று சிலர் சொல்வர். இலாபமிருந்தாற் செய்வோம் என்று வேறு சிலர் சொல்வர். இருசாராரும் கைவிட்டபின் எஞ்சியிருப்பது ஊரவரின் கை. அக்கை ஒருநாள் மண்வெட்டி பிடித்தால் குளம் ஒருமுறை தூர்வாரப்படும். விதிக்கு அடங்கி, பொறுமையோடு கற்று, கற்றதை அடுத்தவருக்குக் கற்பிக்கும் கையாயின் அது தலைமுறைகளைத் தாண்டி வேலைசெய்யும்.

டவின் நிலையத்திலே வண்டியின் வருகைக்காகக் காத்திருக்கும் சிறுவனுக்கு இவ்வரலாறு ஒன்றுந் தெரியாது. அவன் கேட்பது ஊதுகுழலின் ஒலியை. காண்பது வெண்ணிற நீராவியை. அவன் அறியவேண்டியதும் அவ்வளவே. ஆனால், துடைக்குந் துணியைக் கையிலேந்தி என்றாவது ஒருநாள் அவனே கொட்டகையின் வாயிலில் வந்து நிற்பானாயின், அவனுக்குக் கற்பிக்க அங்கே ஒருவர் இருத்தல்வேண்டும்.